செல்போனுக்குள் இருக்கும் தகர மூடியும் இயந்திரக் கற்றலும்

பழைய பட்டன் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. மணி அடிப்பதற்கு ஓரிரு நொடி முன்பே ஸ்பீக்கர் ‘டிடிக் டிடிக் டிர்ர்ர்’ என்று இரையும். யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும். ஜிஎஸ்எம் (2ஜி) போன் இடைவிடாமல் அலை அனுப்பாது, சுமார் 4.6 மில்லிநொடிக்கு ஒருமுறை விட்டுவிட்டு அனுப்பும். கணக்குப் போட்டால் நொடிக்கு 217 முறை. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் அதைப் பிடித்துக்கொள்ளும், ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்கும், 217 ஹெர்ட்ஸ் இரைச்சல் காதில் விழும். இப்படி ஒரு கருவி வெளிவிடும் அலை இன்னொரு கருவியின் வேலையில் மூக்கை நுழைப்பதைத்தான் மின்காந்தக் குறுக்கீடு என்கிறோம்.

1977-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிஆர்எஸ்-80 என்ற வீட்டுக் கணினியின் கதை இன்னும் வேடிக்கை. அதன் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளிருந்து கசியும் அலை, பக்கத்தில் இருக்கும் ஏஎம் ரேடியோவில் கரகரக்கும். அந்தக் கணினியில் ஒலி வசதி கிடையாது என்பதால், விளையாட்டு நிரல் எழுதிய சிலர் இந்தக் கசிவையே சத்தமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ரேடியோவைப் பக்கத்தில் வைத்தால் போதும், விளையாட்டின் ஒலி அதில் கேட்கும். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இதை ரசிக்கவில்லை. கணினிகள் எவ்வளவு அலை கசியலாம் என்பதற்குக் கடுமையான விதிகள் வந்தன. அந்த முதல் மாடலின் விற்பனை 1981 தொடக்கத்தில் அங்கே நின்றுபோனது.

இன்று ஒரு செல்போனைப் பிரித்தால், சர்க்யூட் போர்டின் மேல் சின்னச் சின்னத் தகர மூடிகள் தெரியும். ரிப்பேர் கடைகளில் ‘ஷீல்டு’ என்பார்கள். சிப்பைத் தொட வேண்டுமானால் முதலில் அதைச் சூடு காட்டிக் கழற்ற வேண்டும். நான்கு விரல் அகலப் போனுக்குள் 4ஜி அல்லது 5ஜி, வைஃபை, ப்ளூடூத் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. கூடவே ஜிபிஎஸ் வேறு. சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலை அது பிடித்தாக வேண்டும். மூடி இல்லாவிட்டால் போன் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும்.

தகரம் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் கனம், மடியாது, கையில் கட்டும் கருவிக்கோ துணிக்கோ ஒத்துவராது. அதனால்தான் பிளாஸ்டிக்கோடு கார்பன் நானோகுழாய் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கரிக்குழாய்), கிராஃபீன் (ஓர் அணு தடிமனே உள்ள கரித்தாள்), வெள்ளி நூலிழை என்று எதையாவது கலந்து மெல்லிய, இலேசான கவசம் செய்ய முயல்கிறார்கள். எதை, எவ்வளவு, எப்படிக் கலப்பது என்று தேடும்போதுதான் இயந்திரக் கற்றல், அதாவது தரவைப் பார்த்துக் கணினி தானே கணிக்கப் பழகும் முறை, உள்ளே வருகிறது.

முதலில் கவசத்தின் கணக்கு

ஒரு தகட்டின் மீது அலை மோதினால் கொஞ்சம் திரும்பிப் போகும், கொஞ்சம் தகட்டுக்குள் உட்கவரப்பட்டுச் சூடாக மாறும், மிச்சம் அந்தப் பக்கம் வெளியே வரும். வெளியே வருவது எவ்வளவு குறைவோ கவசம் அவ்வளவு நல்லது. இதை டெசிபலில் சொல்வார்கள். 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு ஆற்றல்தான் தாண்டியது. 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 60 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் கசிவு பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே 30-லிருந்து 60-க்குப் போவது ‘இரண்டு மடங்கு’ நல்ல கவசம் அல்ல, ஆயிரம் மடங்கு.

உலோகத்துக்குள் அலை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஊடுருவு ஆழம் என்று ஓர் அளவு இருக்கிறது. அதிர்வெண் கூடக் கூட அது குறையும். செம்பில் 50 ஹெர்ட்ஸ் அலைக்கு அது 9 மில்லிமீட்டருக்கும் மேல். 1 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வெறும் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த ஆழம் ஒன்றைத் தாண்டும்போதெல்லாம் 8.7 டெசிபல் குறையும். போன் அலைகளுக்கு மெல்லிய படலமே போதும் என்பதன் காரணம் இது. (தகடு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூடும் இடத்தில் நீளமான இடுக்கு இருந்தால் எல்லாம் வீண். இடுக்கின் நீளம் அரை அலைநீளத்தை நெருங்கினால் அதுவே ஆன்டெனாவாகிவிடும். பொருளைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுவார்கள்.)

சீரான, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் படலத்துக்கு ஒரு சுருக்கமான சூத்திரம் உண்டு. சைமன் சூத்திரம் என்பார்கள். இரண்டு பகுதிகளின் கூட்டல்தான் அது. முதல் பகுதி, எதிரொளிப்பு: கடத்துதிறனை அதிர்வெண்ணால் வகுத்து, மடக்கை எடுத்து, பத்தால் பெருக்கி, 50-ஐக் கூட்ட வேண்டும். இரண்டாவது, உட்கவர்தல்: கடத்துதிறனையும் அதிர்வெண்ணையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தடிமனாலும் 1.7-ஆலும் பெருக்க வேண்டும். கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சீமென்ஸ், அதிர்வெண் மெகாஹெர்ட்ஸ், தடிமன் சென்டிமீட்டர்.

இதை ஒரு நிஜப் பொருளில் போட்டுப் பார்ப்போம். மேக்சீன் என்பது 2011-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் உருவான தாள் தாளான கார்பைடு வகை. அதில் டைட்டானியம் கார்பைடு மேக்சீனை எடுத்து, தென் கொரிய ஆய்வாளர்களும் டிரெக்சல் குழுவும் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 45 மைக்ரான் படலம், 92 டெசிபல். அவ்வளவு மெல்லிய படலத்துக்கு அது பெரிய எண். ஆய்வுலகமே திரும்பிப் பார்த்தது. கடத்துதிறன் 4,600. அலை 10 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் முதல் பகுதி 46.6 வருகிறது. இரண்டாவது பகுதி சுமார் 52. கூட்டினால் 98-க்குச் சற்று மேல். அளந்தது 92. ஒரு வரிச் சூத்திரத்துக்கு இது நல்ல நெருக்கம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. சீரான படலத்துக்குக் கடத்துதிறனும் தடிமனும் தெரிந்துவிட்டால், பள்ளி மாணவர்கூடக் கால்குலேட்டரில் விடை கண்டுவிடலாம். அங்கே இயந்திரக் கற்றலைக் கொண்டுவருவது வெறும் பகட்டு. ‘கடத்துதிறன், தடிமன் கொடுத்தோம், எங்கள் நரம்பணு வலைப்பின்னல் (இயந்திரக் கற்றல் முறைகளில் ஒன்று) கவசத் திறனைத் துல்லியமாகக் கணித்தது’ என்று எங்கேனும் படித்தால், அது சைமன் சூத்திரத்தைச் சுற்றிவளைத்துக் கற்றுக்கொண்டதா என்று கேளுங்கள்.

சூத்திரம் கைவிடும் இடம்

அதே மேக்சீன் குடும்பத்தில் நைட்ரஜன் கலந்த இன்னொரு உறுப்பினர் இருக்கிறது, டைட்டானியம் கார்போநைட்ரைடு. முன்னதைவிட இதன் கடத்துதிறன் குறைவு. சூத்திரப்படி கவசமும் மங்கலாக இருக்க வேண்டும். ஆனால் 2020-ல் வெளியான ஆய்வில், சூடுபடுத்திய 40 மைக்ரான் படலம் 116 டெசிபல் காட்டியது. சூட்டில் தாள்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உருவாகி, அலை உள்ளேயே சிக்கித் தேய்ந்துபோகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். உள் அமைப்பு மாறினால் கணக்கே மாறிவிடுகிறது, சூத்திரத்தில் அமைப்புக்கு இடமே இல்லை.

கலவைகளில் தலைவலி இன்னும் அதிகம். பிளாஸ்டிக்கில் நானோகுழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் முதலில் ஒன்றும் நடக்காது, அது மின்கடத்தாப் பொருளாகவே இருக்கும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் குழாய்கள் ஒன்றையொன்று தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாதை கிடைத்துவிடும். கடத்துதிறன் ஒரே தாவலில் பல கோடி மடங்குகூட ஏறும். அந்த வாசல் எங்கே இருக்கிறது என்பது குழாயின் நீளம், கலக்கிய நேரம், சூடு, பிளாஸ்டிக்கின் வகை எல்லாவற்றையும் பொறுத்தது. நானோகுழாய்க்கு எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே போதும் என்ற நிலை வரலாம். சாதாரணக் கரித்தூளுக்குப் பல மடங்கு அதிகம் வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. ஒரு கலவையைச் செய்து பார்த்துவிட்டுப் பக்கத்துக் கலவையை ஊகிக்க முடியாது.

ஆறு அளவுகளை மாற்றலாம், ஒவ்வொன்றுக்கும் பத்து நிலைகள் என்றால் பத்து லட்சம் கலவைகள். தினம் ஒன்று செய்தாலும் 2,700 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் செய்யாமல், செய்த சிலவற்றிலிருந்து செய்யாததை ஊகிக்க வேண்டும். இயந்திரக் கற்றலுக்கு இங்கேதான் நியாயமான வேலை இருக்கிறது.

அடிப்படையில் அது ஓர் எக்செல் அட்டவணைதான். ஒரு வரிசைக்கு ஒரு மாதிரி. நிரல்களில் (மேலிருந்து கீழாகப் போகும் பத்திகளில்) நானோகுழாயின் சதவீதம், நீளம், கலக்கிய நேரம், தடிமன், அதிர்வெண். கடைசி நிரலில் அளந்த டெசிபல். முன்னவற்றைப் பார்த்துக் கடைசி நிரலைச் சொல்லப் பழகுவதுதான் பயிற்சி.

பழக்கும் முறைகள் பல. ரேண்டம் ஃபாரஸ்ட் என்பது கேள்வி கேட்டுக் கேட்டுப் பிரிக்கும் முறை. தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கு மேலா? ஆம் என்றால், குழாய் இரண்டு சதவீதத்துக்கு மேலா? இப்படிப் போய் நிற்கும் இடத்தில் இருக்கும் மாதிரிகளின் சராசரிதான் விடை. இப்படி நூற்றுக்கணக்கான கேள்வி மரங்களை வளர்த்து, எல்லாவற்றின் விடையையும் மறுபடி சராசரி எடுப்பார்கள். காசியன் பிராசஸ் என்ற இன்னொரு முறை விடையோடு சேர்த்து, அந்த விடையில் தனக்கு எவ்வளவு சந்தேகம் என்பதையும் சொல்லும். ‘35 டெசிபல், கூடக்குறைய 3’ என்பதும் ‘35 டெசிபல், கூடக்குறைய 20’ என்பதும் வேறு வேறு. இரண்டாவதைக் கேட்ட ஆய்வாளருக்கு அடுத்து எந்த மாதிரியைச் செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இந்தச் சந்தேகத்தை வைத்தே அடுத்த சோதனையைத் தேர்ந்தெடுப்பதற்குச் செயல்வழிக் கற்றல் (ஆங்கிலத்தில் ஆக்டிவ் லேர்னிங்) என்று பெயர். சில மாதிரிகளைச் செய், அள, பழக்கு, எங்கே விடை நன்றாக இருக்கும் போலத் தெரிகிறதோ, அல்லது எங்கே சந்தேகம் அதிகமோ, அங்கே அடுத்த மாதிரி, மறுபடி அள. 2024-ல் மேரிலாந்து பல்கலைக்கழகம் சார்ந்த ஒரு குழு மேக்சீன், செல்லுலோஸ் நார், ஜெலட்டின், குளுட்டரால்டிஹைடு ஆகியவற்றைக் கலந்து மின்சாரம் கடத்தும் ஏரோஜெல் (காற்று நிறைந்த, மிக இலேசான திடப்பொருள்) செய்தது இந்த வழியில்தான். நேரடியாகக் கவச ஆய்வு அல்ல, ஆனால் அதே பொருட்கள், அதே சிக்கல். திரவங்களைக் கலந்தது ரோபோ. முதல் கட்டத்தில் கணினிக்குக் கொடுத்த வேலை மிக எளிமையானது: எந்தக் கலவை உதிராமல் ஒரே கட்டியாக நிற்கும், எது நிற்காது என்று பிரிப்பது. அதன் பிறகுதான் கடத்துதிறனைக் கணிப்பதெல்லாம். எனக்குப் பிடித்தது அந்த முதல் கட்டம். கையில் எடுத்தால் உதிர்ந்துபோகும் பொருளுக்கு எத்தனை டெசிபல் என்று கணித்து யாருக்கு என்ன பயன்?

தரவு என்னும் பள்ளம்

முகம் அடையாளம் காணும் ஏஐ-க்குக் கோடிக்கணக்கில் படங்கள் கிடைக்கும். கவசப் பொருட்களில் சில நூறு வரிசைகள் கிடைத்தாலே பெரிது. அதையும் பெரும்பாலும் பழைய ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து பொறுக்கி எடுக்கிறார்கள். அங்கே மூன்று குழிகள் இருக்கின்றன.

ஒருவர் 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் வரை, செவ்வகக் குழாய்க்குள் சின்னத் துண்டை வைத்து அளந்திருப்பார். இன்னொருவர் வட்டமான கோஆக்சியல் கருவியில் வேறு அதிர்வெண்ணில் அளந்திருப்பார். இரண்டையும் ஒரே நிரலில் எழுதினால் கணினிக்கு வித்தியாசம் தெரியாது. 90, 100 டெசிபல் என்று வரும் எண்களில் பல, அளக்கும் கருவியின் சொந்த இரைச்சலை நெருங்கி நிற்பவை. அடுத்து, சரியாக வராத மாதிரிகளை யாரும் வெளியிடுவதில்லை. நல்லது மட்டுமே பார்த்துப் பழகிய கணினிக்கு எல்லாக் கலவையும் நல்லதாகவே தெரியும்.

மூன்றாவது குழியில் விழாதவர்கள் குறைவு. ஒரு கட்டுரையில் ஒரே கலவையின் பத்துத் தடிமன்கள் இருக்கும். வரிசைகளைக் குலுக்கிப் போட்டு எட்டைப் பயிற்சிக்கும் இரண்டைத் தேர்வுக்கும் வைத்தால், தேர்வுக் கேள்வி ஏற்கனவே பாதி கசிந்துவிட்டது. 95 சதவீதத்துக்கு மேல் பொருத்தம் என்று அறிவிப்பு வரும். சரியான வழி, ஒரு கட்டுரையின் எல்லா வரிசைகளையும் ஒரே பக்கம் வைப்பது. அப்படிச் செய்தால் எண் சட்டென்று இறங்கும். இறங்கிய எண்தான் உண்மையான எண்.

எதைக் கேட்கிறோம்?

இந்தத் துறையில் பலரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. ஒரு பொருளின் கவசத் திறன் 40 டெசிபல். அதை இரண்டாகப் பிரித்து, எதிரொளிப்புப் பங்கு 10 டெசிபல், உட்கவர்தல் பங்கு 30 டெசிபல் என்று எழுதுவார்கள். முப்பது பெரிது, ஆகவே இது அலையை உட்கவரும் பொருள் என்று முடிவு கட்டுவார்கள். நிஜத்தில் எதிரொளிப்புப் பங்கு 10 டெசிபல் என்றால், மோதிய ஆற்றலில் 90 சதவீதம் அப்படியே திரும்பிப் போய்விட்டது என்று பொருள். உள்ளே நுழைந்ததே 10 சதவீதம்தான். அந்தப் பத்தைத்தான் 30 டெசிபல் அளவுக்குத் தேய்த்திருக்கிறது. இது அலையைத் தின்னும் பொருள் அல்ல, அலையைத் திருப்பி அனுப்பும் நல்ல கண்ணாடி.

திரும்பிப் போன 90 சதவீதம் போனுக்குள்ளேயே வேறொரு சிப்பைத் தேடிப் போகும். அதனால் இப்போது திருப்பி அனுப்பாமல் உட்கவரும் கவசத்துக்குத்தான் மவுசு. கணினியிடம் ‘மொத்த டெசிபலைக் கூட்டு’ என்று மட்டும் சொன்னால், அது கடத்துதிறனை ஏற்றிக்கொண்டே போய் ஒரு கண்ணாடியைக் கையில் கொடுக்கும். ‘எதிரொளிப்பு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, தடிமன் இதற்குள், மொத்தம் 30-க்குக் குறையாமல்’ என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். முன்பக்கம் கடத்துதிறன் குறைவாகவும் பின்பக்கம் அதிகமாகவும் உள்ள அடுக்குகள் அப்போதுதான் வெளிவரும். முன் அடுக்கு அலையை உள்ளே விடும், பின் அடுக்கு தடுக்கும், நடுவில் அது தேயும்.

பொருளை விட்டு வடிவத்துக்குப் போனாலும் இதே கதை. மெல்லிய படலத்தில் 16-க்கு 16 கட்டம் வரைந்து, எந்தக் கட்டத்தில் உலோகம், எதில் வெற்றிடம் என்று தேடுவார்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சமச்சீர் விதித்துவிட்டாலும் 36 கட்டங்கள் சுதந்திரமாக மிஞ்சும். அதுவே 6,870 கோடிக்கு மேற்பட்ட வடிவங்கள். ஒவ்வொன்றையும் முழுக் கணினி உருவகப்படுத்தலில் (சிமுலேஷனில்) ஓட்ட முடியாது. சில ஆயிரத்தை ஓட்டி, நரம்பணு வலைப்பின்னலுக்குப் பழக்கி, மிச்சத்தை அதனிடம் கேட்பார்கள். இங்கே தரவு கணினியிலிருந்தே வருவதால் மேலே சொன்ன குழிகள் பெரும்பாலும் இல்லை. ஆய்வுகள் இந்தப் பக்கம் வேகமாக நகர்வதில் ஆச்சரியமில்லை.

ஆனாலும் இயற்பியலைத் தாண்ட வழி இல்லை. உலோகத் தகட்டின் மேல் ஒட்டும் காந்தத்தன்மையற்ற உட்கவர் படலத்துக்கு, எவ்வளவு அகலமான அலைவரிசைக்கு எவ்வளவு தடிமன் கட்டாயம் என்று இயற்பியலாளர் ரொசானோவ் 2000-ல் நிறுவிவிட்டார். 8.2 முதல் 12.4 கிகாஹெர்ட்ஸ் முழுவதும் எதிரொளிப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க, சுமார் 0.7 மில்லிமீட்டர் இல்லாமல் முடியாது. கணினி அதைவிட மெல்லியதாக ஒன்றைக் காட்டினால் கொண்டாட வேண்டாம், கணினி நிரலில் (புரோகிராமில்) பிழை தேடுங்கள்.

சரி, கையால் செய்து பார்க்க ஆசை என்றால் ஆய்வகம் வேண்டாம், பைத்தான் தெரிந்தால் போதும். கடத்துதிறன் 4,600, அலை 10 கிகாஹெர்ட்ஸ் என்று நிறுத்திவிட்டு, தடிமனை மட்டும் 1 மைக்ரானிலிருந்து 20 மைக்ரான் வரை மாற்றி, சைமன் சூத்திரத்தில் சில நூறு விடைகளை உண்டாக்குங்கள். அவற்றை ஒரு ரேண்டம் ஃபாரஸ்டுக்குப் பழக்குங்கள். 12 மைக்ரானைக் கேட்டால் சரியாகச் சொல்லும். அப்புறம் 45 மைக்ரானைக் கேளுங்கள். சூத்திரப்படி 98 வர வேண்டும். அது 70-க்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடும், ஏனென்றால் அது பார்த்த அதிகபட்சம் அதுதான். சராசரி எடுக்கும் முறை, தான் பார்த்த பெரிய எண்ணைத் தாண்டாது. நிஜத் தரவோடு வேலை செய்கிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: சூத்திரத்தின் விடையை அப்படியே எடுத்துக்கொண்டு, அளந்த எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கணினிக்குப் பழக்குவார்கள். தடிமனோடு கூடும் பெரிய பகுதியைச் சூத்திரம் பார்த்துக்கொள்ளும். மேக்சீனில் நாம் பார்த்த 98-க்கும் 92-க்கும் இடைப்பட்ட அந்த ஆறு டெசிபல் மாதிரியான மிச்சத்தைத்தான் கணினி கற்க வேண்டியிருக்கும்.